நான்கு பழைய கணினிகளுக்கு நாள் குறித்த பதிவு

எங்கள் ஊர் வாசிப்பறையில் நான்கு கணினிகள் இருக்கின்றன: இரண்டு மேசைக் கணினிகள், ஒரு மடிக்கணினி, பத்து அங்குலத் திரை கொண்ட ஒரு நெட்புக். நான்குமே யாரோ ஒருவர் வீட்டில் உழைத்து முடித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தபோது, எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. வாசிப்பறையைக் கவனித்துக்கொள்ளும் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, இதுல எது இன்னும் எத்தனை வருஷத்துக்கு நம்பிக்கையா ஓடும்னு உன்னால சொல்ல முடியுமா?"

பழைய கணினியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். அக்கா ஆண்டுக் கணக்கைக் கேட்டார். அதுவே சரியான கேள்வி என்று எனக்குப் பட்டது. ஒரு கணினி இயங்குவதும், அதை இணையத்தில் இணைத்துப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம் என்பதும் வெவ்வேறு செய்திகள். இரண்டாவதைத் தீர்மானிப்பது, அதில் உள்ள மென்பொருளில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைத்துத் தருவதாக யாராவது எந்தத் தேதி வரை பொறுப்பேற்றிருக்கிறார்கள் என்பதுதான். ஆகவே திருப்புளியை எடுப்பதற்கு முன் நாட்காட்டியை எடுத்தேன். நவம்பர், டிசம்பர் மாதங்களின் வார இறுதிகளில் செய்த வேலையை, செய்த வரிசையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

விண்டோஸுக்கு மாற்றாக நான் தேர்ந்தது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய இத்திட்டம் இன்றும் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமாகாமல், தன்னார்வலர்களால் நடத்தப்படுகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ முதல் மூன்று ஆண்டுகள் டெபியனின் பாதுகாப்புக் குழு திருத்தங்களைத் தருகிறது. அதன் பிறகு நீள்கால ஆதரவுக்கென்று உள்ள தனிக் குழு பொறுப்பேற்று மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரை கொண்டுபோகிறது. இந்த ஏற்பாடு 2014-இல், ஸ்க்வீஸ் எனப்பட்ட ஆறாம் பதிப்பிலிருந்து நடந்துவருகிறது. 2023 ஜூனில் வந்த பன்னிரண்டாம் பதிப்பான புக்வோர்முக்கு 2028 ஜூன் 30 வரையிலும், 2025 ஆகஸ்டில் வந்த பதின்மூன்றாம் பதிப்பான ட்ரிக்ஸிக்கு 2030 ஜூன் 30 வரையிலும் ஆதரவு உண்டு. அக்காவின் கேள்விக்கு என்னிடம் இருந்த முதல் விடை இந்த இரண்டு தேதிகள். எந்தக் கணினிக்கு எந்தத் தேதி பொருந்தும் என்பதுதான் மீதி வேலை.

அதற்கு முதலில் ஒவ்வொன்றின் செயலியும் 32 பிட்டா 64 பிட்டா என்று அறிய வேண்டும். ட்ரிக்ஸியில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியும், கர்னல் எனப்படும் இயங்குதளத்தின் மையப் பகுதியும் இல்லை. அப்படிப்பட்ட கணினி புக்வோர்மோடு நின்றுவிட வேண்டும். இங்கே நிறையப் பேர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு மேசைக் கணினிகளிலும் 32 பிட் விண்டோஸ்தான் போடப்பட்டிருந்தது. அதைப் பார்த்து "இது 32 பிட் மெஷின்" என்று யாரோ பெட்டியின் மேலேயே மார்க்கரால் எழுதியும் வைத்திருந்தார்கள். ஆனால் உள்ளே இருந்தது இன்டெல் கோர் 2 டியோ இ7400. 2.8 கிகாஹெர்ட்ஸில் ஓடும் முழுமையான 64 பிட் செயலி அது. இரண்டு ஜிபி நினைவகம் மட்டுமே இருந்ததால் யாரோ ஒரு காலத்தில் 32 பிட் இயங்குதளத்தைப் போட்டிருக்கிறார்கள். அந்த முடிவு கணினியின் பிறவிக் குணமாக நிலைத்துவிட்டது. யுஎஸ்பியிலிருந்து ஒரு லினக்ஸை ஏற்றி, செயலியின் திறன்களைக் குறிக்கும் கொடிகளில், 64 பிட்டின் அடையாளமான 'எல்எம்' என்ற இரண்டு எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். இரண்டிலும் இருந்தன. அந்த இரண்டு எழுத்துகள் ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு ஆண்டுகளைக் கூட்டித் தந்தன.

64 பிட்டாக இருந்தால் மட்டும் எல்லா லினக்ஸும் ஏற்றுக்கொள்ளும் என்று இல்லை. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் தன் ஒன்பதாம் பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2 போன்ற பிற்காலக் கட்டளைகளைக் கட்டாயமாக்கிவிட்டது. கோர் 2 டியோவில் அவை இல்லை. டெபியன் இன்னும் முதல் தலைமுறை 64 பிட் செயலிகளையே அடித்தளமாக வைத்திருக்கிறது. பழைய கணினிகளைக் காக்க நினைப்பவருக்கு இந்த ஒரு முடிவின் மதிப்பு மிகப் பெரியது.

நெட்புக்கில் இருப்பது இன்டெல் ஆட்டம் என்270. 2008-இல் வந்த, 1.6 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஒற்றைக் கரு செயலி. கொடிகளில் 'எல்எம்' இல்லை. ஆகவே இது மெய்யாகவே 32 பிட். மடிக்கணினியில் இரண்டாம் தலைமுறை ஐ3, நான்கு ஜிபி நினைவகம். அதில் சொல்லிக்கொள்ளும்படியான வேலை எதுவும் இருக்கவில்லை. தூசி தட்டி, விசிறியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ட்ரிக்ஸியை ஏற்றி, ஒரே மாலையில் முடித்தேன்.

மேசைக் கணினிகளில் முதலாவது சரியாக எழும்பவே மறுத்தது. பொத்தானை மூன்று நான்கு முறை அழுத்தினால் ஒருமுறை ஓடும்; ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் திரை உறைந்து நின்றுவிடும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் மதர்போர்டைப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. செயலியின் அருகே வரிசையாக நின்ற கெப்பாசிட்டர்களில் மூன்றின் தலை உப்பியிருந்தது. நல்ல கெப்பாசிட்டரின் தலை, சிலுவைபோல் கீறிய தட்டையான தகடாக இருக்கும். விரலால் தடவினால் சமமாகத் தெரியும். இந்த மூன்றிலும் அந்தக் கீறல் வாய் பிளந்து, ஒன்றின் உச்சியில் பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. செயலியின் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் வெந்து உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகும்போது இப்படி உப்பும். அதன் பிறகு செயலிக்குப் போகும் மின்னழுத்தம் நிலையாக இருக்காது. மென்பொருளில் எதை மாற்றினாலும் இந்தக் கோளாறு தீராது என்பதால்தான், கணினி நின்று நின்று ஓடினால் முதலில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

மூன்றும் 1500 மைக்ரோஃபேரட், 6.3 வோல்ட். மாற்றாகப் போடுவது அதே கொள்ளளவு உடையதாகவும், அதே வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேலாகவும், 105 டிகிரி தாங்குவதாகவும், உள் மின்தடை குறைந்த வகையாகவும் இருக்க வேண்டும். ரேடியோ பழுதுபார்க்கும் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சாதாரண வகையைப் போட்டால் சில மாதங்களில் மீண்டும் உப்பிவிடும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றின் வெள்ளைப் பட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். போர்டில் அச்சிட்டிருக்கும் குறியை மட்டும் நம்பக் கூடாது. சில போர்டுகளில் அந்தக் குறி எதிர்முனையையும், சிலவற்றில் நேர்முனையையும் காட்டும். திசை மாறிப் போட்டால் கெப்பாசிட்டர் வெடிக்கும்.

பழைய ஈயத்தை உருக்குவதுதான் இந்த வேலையில் கடினம். மதர்போர்டின் உள்ளே பரந்த செம்புத் தகடு வெப்பத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்வதால், 25 வாட் சால்டரிங் இரும்பு அங்கே ஒன்றும் செய்யவில்லை. 60 வாட் இரும்பை எடுத்து, பழைய இணைப்பின் மேல் புதிய ஈயம் கொஞ்சம் சேர்த்து உருக்கினேன். புதிய ஈயத்தோடு சேரும்போது பழையது எளிதில் இளகும். ஒரு கால் இளகியதும் கெப்பாசிட்டரை ஒருபக்கமாகச் சாய்த்து, அடுத்த காலை இளக்கி, இப்படி மாறி மாறி ஆட்டி வெளியே எடுத்தேன். துளையை அடைத்த ஈயத்தைத் தையல் ஊசியால் திறந்தேன். ஊசியில் ஈயம் ஒட்டாது. மூன்றையும் மாற்ற ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகு நினைவகச் சோதனை நிரலை இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் ஒரு பிழைகூட இல்லை.

இரண்டாவது மேசைக் கணினியின் நோய் வேறு. அக்கா அதைப் பற்றி முன்பே சொல்லியிருந்தார்: "இதுல மட்டும் எந்த வெப்சைட்டும் திறக்க மாட்டேங்குது தம்பி, தேதி எப்பவும் 2008-லயே நிக்குது." நோயையும் காரணத்தையும் அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் இந்தப் போர்டின் கடிகாரம் 2008 ஜனவரி 1-க்குத் திரும்பிவிடும். இன்றைய வலைத்தளங்கள் எல்லாம் சான்றிதழோடு வருபவை. அந்தச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2008-இல் நிற்கும் உலாவிக்கு 2025-இன் சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்று, எனவே அதை நம்பாது. டெபியனில் மென்பொருளை இறக்கி நிறுவும் தொகுப்பு மேலாளரும் இதேபோல்தான் நடந்துகொள்ளும்: மென்பொருள்கள் வைக்கப்பட்டிருக்கும் இணையக் களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று சொல்லிப் பாதுகாப்புத் திருத்தங்களை எடுக்க மறுத்துவிடும். ஒரு சிறு பேட்டரி தீர்ந்ததால் ஐந்தாண்டு ஆதரவு முழுவதும் வாசலிலேயே நின்றுவிடுகிறது. நாற்பது ரூபாய் பேட்டரியைப் போட்டு, பயாஸில் தேதியைச் சரிசெய்து, இணையத்திலிருந்து நேரத்தைப் பெற்றுக்கொள்ளும் சேவையையும் இயக்கிவைத்தேன்.

வன்தட்டுகளை அவற்றின் சுயபரிசோதனைப் பதிவை வைத்து மதிப்பிட்டேன். அதில் பார்க்க வேண்டியவை முக்கியமாக இரண்டு: பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட பிரிவுகளின் எண்ணிக்கை, பழுது என்று ஐயப்பட்டு ஒதுக்கக் காத்திருக்கும் பிரிவுகளின் எண்ணிக்கை. ஒரு தட்டில் இரண்டாவது எண் 24 என்று இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது 31. இப்படி ஏறிக்கொண்டிருக்கும் தட்டை நம்பி எதையும் வைக்கக் கூடாது. உள்ளே இருந்த கோப்புகளை அன்றே நகலெடுத்துக்கொண்டு, இரண்டு கணினிகளுக்கும் 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினோம். ஜி31 சிப்செட் கொண்ட இந்தப் போர்டுகளில் சாட்டா இணைப்பு வினாடிக்கு 300 மெகாபைட்டைத் தாண்டாது. தட்டோடு வேகமாகப் பேசும் ஏஎச்சிஐ முறையும் கிடையாது. எனவே எஸ்எஸ்டியின் முழு வேகம் கிடைக்காது. ஆயினும் சுழலும் தட்டின் முள் அங்குமிங்கும் அலைவதால் ஏற்படும் காத்திருப்பு ஒழிந்துவிடுகிறது. பழைய கணினியின் மந்தத்தில் பெரும்பகுதி அந்தக் காத்திருப்புத்தான். நினைவகத்தை, போர்டு ஏற்கும் உச்ச அளவான நான்கு ஜிபிக்கு உயர்த்தினேன். இரண்டு ஜிபி டிடிஆர்2 துண்டுகள் பழைய பாகங்கள் விற்கும் கடையில் கிடைத்தன.

அந்த நகலெடுத்த கோப்புகளைப் பற்றி ஒரு சொல். வாசிப்பறையின் நூல் பட்டியலும் உறுப்பினர் பதிவேடும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டிருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். இயந்திரத்தைக் காப்பாற்றிவிட்டு அதில் இருந்த பத்து ஆண்டு உழைப்பைப் படிக்க முடியாமல் விடுவது முறையல்ல என்பதால், எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றி, லிப்ரே ஆபீஸில் சரிபார்த்து, இரண்டு இடங்களில் சேமித்தோம். சரிபார்ப்பை அக்காவே செய்தார். ஒகரத்தில் கொம்பு இடம் மாறியிருந்த நூற்பெயர்களை அவர் ஒவ்வொன்றாகப் பிடித்தார்.

இயங்குதளத்தை நிறுவியதில் பெரிய தடை வரவில்லை. முன்பெல்லாம் வைஃபை சில்லுக்குள் ஓட வேண்டிய மென்பொருளான ஃபர்ம்வேரைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து எடுத்த முடிவின்படி, பன்னிரண்டாம் பதிப்பிலிருந்து அவை அதிகாரப்பூர்வ நிறுவியிலேயே வருகின்றன. வரைகலை நிறுவியில் தமிழையே தேர்ந்துகொண்டேன். மேசைத்தளமாக மேசைக் கணினிகளுக்கு எக்ஸ்எஃப்சிஇ, நெட்புக்கிற்கு எல்எக்ஸ்கியூடி. தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாக அமைத்து, இடக்கைப் பக்கம் உயிரும் வலக்கைப் பக்கம் மெய்யும் என்று ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டினேன்.

ட்ரிக்ஸியில் ஒரு மாற்றம் இருக்கிறது; நினைவகம் குறைந்த கணினி வைத்திருப்பவர்கள் அதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். தற்காலிகக் கோப்புகள் போடும் அடைவு இந்தப் பதிப்பிலிருந்து தட்டில் இல்லாமல் நினைவகத்திலேயே அமைகிறது. அதிகபட்சம் பாதி நினைவகம் வரை எடுத்துக்கொள்ளும். நான்கு ஜிபி கணினியில் பழைய நூல் ஒன்றை ஸ்கேன் செய்தபோது, பக்கப் படங்கள் அந்த அடைவில் குவிந்து, உலாவி தானாக மூடிக்கொண்டது. காரணம் புரிய அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அமைப்பை முடக்கி, தற்காலிக அடைவைப் பழையபடி தட்டுக்கே கொண்டுவந்த பிறகு தொல்லை இல்லை. கூடவே, நினைவகத்தின் ஒரு பகுதியைச் சுருக்கி வைத்துப் பயன்படுத்தும் இசட்ரேமையும் இயக்கினேன். நெட்புக்கின் செயலி மெதுவானது என்பதால் அங்கே சுருக்குமுறையாக எல்இசட்4-ஐ வைத்தேன். அது குறைவாகச் சுருக்கும், ஆனால் செயலிக்குச் சுமை தராது.

இனி நெட்புக்கைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். அது என்னிடமிருந்தே வாசிப்பறைக்குப் போனது. 2009-இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வாங்கியது. 2014 ஏப்ரல் 8-இல் எக்ஸ்பியின் ஆதரவு முடிந்தபிறகு டெபியனுக்கு மாற்றினேன். அன்றிலிருந்து பதிப்பு பதிப்பாக ஏறி வந்திருக்கிறது. நீள்கால ஆதரவு என்பது நடைமுறையில் என்ன என்று நான் கண்ணால் கண்டது இந்த நெட்புக்கில்தான். 2021 ஜனவரியில், நிர்வாகி அதிகாரத்தைத் தற்காலிகமாகத் தரும் சூடோ என்ற கருவியில் ஒரு பெரிய ஓட்டையைக் குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 2011-இல் நுழைந்து பத்தாண்டு யார் கண்ணிலும் படாமல் இருந்த பிழை அது. கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் கடவுச்சொல் இல்லாமலே முழு அதிகாரத்தையும் பெற்றுவிடலாம். என் நெட்புக்கில் அப்போது ஒன்பதாம் பதிப்பான ஸ்ட்ரெட்ச் இருந்தது. பாதுகாப்புக் குழுவின் காலம் முடிந்து, நீள்கால ஆதரவுக் குழுவின் கையில் இருந்த பதிப்பு. திருத்தம் எனக்கும் வந்தது. வந்தபின் பார்த்தேன்: சூடோவின் பதிப்பு எண் 1.8.19 என்பதிலேயே நின்றது. வாலில் இருந்த சிறு எண் மட்டும் ஒன்று கூடியிருந்தது.

அந்த வாலெண்ணில்தான் இவர்களுடைய உழைப்பு முழுவதும் இருக்கிறது. புதிய பதிப்பைக் கொண்டுவந்து போடுவது எளிது. ஆனால் அது புதிய நிரல் நூலகங்களைக் (லைப்ரரிகளை) கேட்கும், அவை இன்னும் புதியவற்றைக் கேட்கும், கடைசியில் 2009-இன் நெட்புக் தாங்காது. அதனால் இவர்கள் புதிய பதிப்பில் அந்த ஓட்டையை அடைத்த சில வரிகளை மட்டும் எடுத்து, பல ஆண்டு பழைய நிரலில் அவை பொருந்தும்படி மாற்றி எழுதி, சோதித்துத் தருகிறார்கள். பழைய நிரலைப் படித்துப் புரிந்துகொண்டு செய்ய வேண்டிய, புகழ் கிடைக்காத வேலை இது. ஓய்வு நேரத்தில் தன்னார்வலர்கள் செய்ய விரும்பாத வேலை என்பதால், ரஃபேல் ஹெர்ட்சாக் தொடங்கிய ஃப்ரீக்ஸியன் என்ற நிறுவனம் பல நிறுவனங்களிடமிருந்து பணம் திரட்டி, டெபியன் உருவாக்குநர்களுக்கு மணிக்கணக்கில் ஊதியம் கொடுத்து இதைச் செய்விக்கிறது. பணம் கொடுப்பவை தங்கள் சர்வர்களுக்காகக் கொடுக்கின்றன. பயன் எங்கள் வாசிப்பறை வரை ஒரு காசும் கேட்காமல் வந்து சேர்கிறது. இதே நிறுவனம் பத்தாண்டு வரை நீளும் இன்னொரு நீட்டிப்பையும் நடத்துகிறது. ஆனால் அது டெபியன் திட்டத்தின் பகுதி அன்று, பணம் கட்டுவோருக்கு வேண்டிய தொகுப்புகளை மட்டுமே கவனிப்பது. ஆகவே நாங்கள் எழுதும் தேதிகளில் அதைச் சேர்க்கவில்லை.

பழைய பதிப்பிலேயே நிற்பதற்கு வேறொரு நன்மையும் உண்டு. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருந்தது வெளியானபோது, டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் அது நுழைந்துவிட்டிருந்தது. நிலையான பதிப்பில் இருந்ததோ 5.4.1. எங்கள் கணினிகள் எதையும் அது தொடவில்லை.

இவ்வளவு அறிந்திருந்தும், இந்த நெட்புக்கில் நான் ஒரு தவறு செய்திருந்தேன். 2024 ஜூன் 30-இல் பத்தாம் பதிப்பின் ஆதரவு முடிவதால், அந்த மாதம் அதைப் பதினொன்றுக்கு உயர்த்தினேன். களஞ்சிய முகவரிகள் உள்ள கோப்பில் பழைய பதிப்பின் பெயர் வரும் இடத்தில் எல்லாம் புதிய பெயரைப் போட்டேன். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களுக்கான கிளையின் பெயர் அமைப்பே பதினொன்றாம் பதிப்பில் மாறிவிட்டது. பதிப்பின் பெயருக்குப் பின் சாய்கோடிட்டு 'அப்டேட்ஸ்' என்று இருந்தது, சிறு கோடிட்டு 'செக்யூரிட்டி' என்று ஆயிற்று. நான் பெயரை மாற்றினேன், வாலை மாற்றவில்லை. தானியங்கிப் புதுப்பித்தல் ஒவ்வொரு நாளும் அந்த இல்லாத முகவரிக்குப் போய், அங்கே வெளியீட்டுக் கோப்பு இல்லை என்று பதிவேட்டில் எழுதிவிட்டுத் திரும்பியிருக்கிறது. பதிவேட்டை யாரும் படிக்கவில்லை. 2024 ஆகஸ்ட் 31-இல் வந்த 11.11 என்ற கடைசித் தொகுப்புத் திருத்தம் மட்டும் முதன்மைக் களஞ்சியம் வழியாக வந்திருந்தது. அதற்குப் பின் நீள்கால ஆதரவுக் குழு தந்த எதுவுமே, ஓராண்டுக்கு மேலாக, இந்தக் கணினிக்கு வரவில்லை. பிள்ளைகள் அதில் மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைக் கண்டபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஆதரவு இருக்கிறது என்பதும், அது நம் கணினி வரை வந்து சேருகிறது என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதினொன்றில் அந்த வரியைத் திருத்தி, நிலுவையில் இருந்த திருத்தங்களையெல்லாம் எடுத்து, அதன் பிறகே பன்னிரண்டுக்கு உயர்த்தினேன். இடையில் ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிக்க டெபியன் அனுமதிப்பதில்லை. பன்னிரண்டில் ஃபர்ம்வேருக்கென்று தனிப் பகுதி ஒன்று பிரிக்கப்பட்டிருப்பதால் அதன் பெயரையும் முகவரிக் கோப்பில் சேர்த்தேன். சேர்க்காவிட்டால் வைஃபைக்கான புதுப்பிப்பு நின்றுபோகும். இப்போது நான்கு கணினிகளிலும் தானியங்கிப் புதுப்பித்தலோடு, அது தோற்றால் திரையில் சிவப்பு அறிவிப்பு ஒன்று எழும்படி சிறு நிரலும் எழுதி வைத்திருக்கிறேன். நிறுவியிருக்கும் தொகுப்புகளில் எவற்றுக்கு ஆதரவு குறைவு, எவற்றுக்கு முடிந்துவிட்டது என்று பட்டியலிட்டுக் காட்டும் கருவி ஒன்றை டெபியனே தருகிறது. அதையும் மாதம் ஒருமுறை ஓடும்படி அமைத்தேன். ஐந்தாண்டு என்பது எல்லாத் தொகுப்புக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை.

உலாவியின் கணக்கு அதனினும் தனி. 32 பிட் லினக்ஸுக்கான ஆதரவை ஃபயர்பாக்ஸ் 145-ஆம் பதிப்பிலிருந்து நிறுத்திவிட்டதாக மொசில்லா அறிவித்திருக்கிறது. நீட்டித்த ஆதரவு கொண்ட 140-ஆம் பதிப்புக்கு 2026 செப்டம்பர் வரையாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்றும் சொல்லியிருக்கிறது. இயங்குதளத்தின் தேதி 2028 என்றாலும், இணையத்தில் உலவ நெட்புக்கை நம்பக்கூடிய உறுதியான காலம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இதை அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்போ இதை நூல் பட்டியலுக்கும் தட்டச்சுப் பழகவும் மட்டும் வச்சுக்கலாம், மெயில் பார்க்கிறவங்களைப் பெரிய கம்ப்யூட்டருக்கு அனுப்பிடுறேன்" என்றார். நானும் அதையே நினைத்திருந்தேன். அதன்படி இன்றிலிருந்தே நெட்புக்கில் உலாவியை முகப்பிலிருந்து எடுத்துவிட்டு, லிப்ரே ஆபீஸையும் நூல் பட்டியலையும் வைத்துவிட்டேன்.

வேலையின் கடைசி நாளில் ஒவ்வொரு கணினியின் மேலும் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டினோம். செயலி எத்தனை பிட், டெபியன் எத்தனையாம் பதிப்பு, ஆதரவு முடியும் நாள், பட்டன் பேட்டரி மாற்றிய நாள் ஆகிய நான்கு வரிகள். மேசைக் கணினிகளிலும் மடிக்கணினியிலும் 2030 ஜூன் 30 என்று இருக்கிறது. மார்க்கரால் எழுதியிருந்த "32 பிட் மெஷின்" என்பதை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டேன். நெட்புக்கின் சீட்டில் மட்டும் தேதி இரண்டு: உலாவிக்கு 2026 செப்டம்பர், மற்றவற்றுக்கு 2028 ஜூன் 30. அக்கா அவற்றை வாசிப்பறையின் பதிவேட்டிலும் எழுதிக்கொண்டார். எனக்கு மீதமிருப்பது ஒரு வேலைதான். முதல் மேசைக் கணினியில் நான் தொடாமல் விட்ட இரண்டு கெப்பாசிட்டர்கள் இன்னும் தட்டையாகவே இருக்கின்றன. அவையும் அதே வரிசையில், அதே வெப்பத்தில் நின்றவை என்பதால், கோடைக்கு முன் அவற்றையும் மாற்றிவிட எண்ணி, உறுப்புகளை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.